‘அண்ணா, கத்தி கொஞ்சம் குடுங்க’

மாங்கன்று ஒட்டுக் கட்டுவது என் பிழைப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எங்கே திரும்பினாலும் மாங்கன்றுப் பண்ணைகள். கறுப்புப் பாலித்தீன் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நிற்கும். அந்த வரிசைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டுக் குச்சி சீவுகிறவர்களில் நானும் ஒருவன். இப்போது சொந்தமாகச் சிறிய பண்ணை ஒன்று இருக்கிறது. ஆனாலும் சட்டைப்பையில் மடக்குக்கத்தி இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

ஒருவரிடம் கத்தி இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூட்டை பிரிக்க வேண்டும், பம்புசெட்டு வயர் சீவ வேண்டும், கூரியரில் வந்த பெட்டியைத் திறக்க வேண்டும், கல்யாண மண்டபத்தில் தோரணம் கட்டிய சணலை அறுக்க வேண்டும். பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கொய்யாப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் சட்டைப்பையைப் பார்ப்பார். கேட்பது சின்ன உதவிதான். முடியாது என்று சொன்னால் முகம் வாடிவிடும். கொடுத்தாலோ, திரும்பி வருகிற கத்தி நாம் கொடுத்த கத்தியாக இருக்காது.

இத்தனை காலத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். தொழில் கத்தியை இரவல் கொடுக்கக் கூடாது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். கொஞ்சம் ஏற்பாடு இருந்தால் இரண்டையும் செய்யலாம்.

முதலில், ஏன் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். கத்தியை ஒரு சாமானாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும்.

மாங்கன்றில் நாங்கள் அதிகம் கட்டுவது மென்தண்டு ஒட்டு. கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டின் நடுவில் நேராக ஒரு பிளவு இறக்குவோம். நல்ல தாய்மரத்திலிருந்து பென்சில் கனத்தில் எடுத்துவந்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவுக்குள் செருகுவோம். ஆப்பின் நீளம் 3 முதல் 4 சென்டிமீட்டர். பிறகு பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, ஈரம் போகாமல் மேலே சின்னப் பாலித்தீன் உறை மாட்டிவிடுவோம். சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் ஒட்டு பிடிப்பதும் காய்வதும் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே இருக்கிற மெல்லிய பச்சைப் படலத்தைப் பொறுத்தது. குச்சியின் பச்சையும் கன்றின் பச்சையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் இரண்டும் சேர்ந்து வளரும். சீவின இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் தொடும். கத்தி மழுங்கியிருந்தால் அந்தப் படலம் வெட்டுப்படாமல் நசுங்கிவிடும். நசுங்கின இடம் கறுக்கும், பூஞ்சாணம் ஏறும், சில நாளில் குச்சி வதங்கிவிடும். அந்தக் குச்சியை எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தாய்மரத்தில் இலைகளைக் கிள்ளிவிட்டுக் காத்திருந்திருப்போம். கன்றை ஆள் வைத்து வளர்த்திருப்போம். எல்லாம் ஒரு கத்தியின் கூரில் வந்து நிற்கிறது. ஒட்டுக் கட்டுகிறவருக்குக் கட்டின கன்றுக்கு இவ்வளவு என்றுதான் பல பண்ணைகளில் கூலி. பிடிக்காத ஒட்டு அவருடைய பெயரையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஒட்டுக்கத்தியின் அலகு பல கத்திகளில் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் குச்சியோடு ஒட்டிப் போவதால்தான் சீவல் நேராக வருகிறது. வலது கைக்காரருக்குச் செய்த கத்தியை இடது கைக்காரர் பிடித்தால் நேராகச் சீவ முடியாது. அலகு உள்ளே உள்ளே இறங்கும். இது வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலி வேலைக்கென்று என் கத்தியை வாங்கிப்போனார். நல்ல மனிதர். திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கொடுக்க மனசு வராமல், பட்டறையில் கிரைண்டர் சக்கரத்தில் வைத்து இரண்டு பக்கமும் சாணை பிடித்து, “பளபளன்னு ஆக்கிக் கொண்டாந்திருக்கேன் பாருங்க” என்று சந்தோஷமாக நீட்டினார். தட்டைப் பக்கம் போய்விட்டது. முனையோரத்தில் நீல நிறம் ஏறியிருந்தது. இரும்பில் நீலம் ஏறினால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். கொல்லர் ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிடும். அதன்பிறகு எத்தனை முறை கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் செய்தது அன்பினால். அதனால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் கத்தியை அப்புறம் பாலித்தீன் நாடா அறுக்க மட்டும் பயன்படுத்தினோம்.

கெடுக்க வேண்டும் என்று யாரும் வாங்கிப்போவதில்லை. எது கத்தியைக் கெடுக்கும் என்று தெரியாமல்தான் கெடுக்கிறார்கள். அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

மண்தான் முதல் எதிரி. மண் நிரப்பின பாலித்தீன் பையைக் கிழிக்க ஒரே ஒரு தடவை கத்தியைக் கொடுத்தாலும் போதும். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் என்கிற கல், கத்தியின் இரும்பைவிடக் கடினமானது. ஒரு இழுப்பில் கூர் முழுதும் பல் பல்லாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. குச்சி சீவும்போது கோடு கோடாக விழும், அப்போதுதான் தெரியும். சொட்டுநீர்க் குழாய் அறுக்கக் கேட்பதும் இதே கதைதான். குழாய் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் மேலே ஒட்டியிருக்கிற மண் சும்மா விடாது. அட்டைப்பெட்டி ஒன்றும் செய்யாது என்று நினைப்பார்கள். அட்டையிலும் நைசான மண்துகள் கலந்திருக்கும், நாலு பெட்டி உடைத்தால் கத்தி சோர்ந்துவிடும்.

அடுத்தது நெம்புவது. பெயின்ட் டப்பா மூடி, சுவரில் அடித்த ஆணி, ஸ்க்ரூ என்று எல்லாவற்றுக்கும் கத்தி முனைதான் போகும். கூராக இருக்க வேண்டும் என்பதற்காக நன்றாகக் கடினப்படுத்தின இரும்பு, வளைகிற குணத்தை இழந்திருக்கும். கீழ்நோக்கி அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் திருகினால் முனை டக்கென்று ஒடிந்துவிடும். இரவல் போய் வந்த கத்திகளில் நான் அதிகம் பார்த்த சேதம் இந்த முனை ஒடிவதுதான்.

மூன்றாவது, துடைக்காமல் மடிப்பது. எலுமிச்சை நறுக்குவார்கள், மாங்காய் அரிவார்கள், பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்து மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கார்பன் இரும்புக் கத்தியில் அந்தப் புளிப்பு இரவோடு இரவாக வேலை செய்துவிடும். காலையில் திறந்தால் கூரின் மேலேயே துருப்புள்ளி நிற்கும். துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்தி இதைத் தாங்கும். ஆனால் கீல் சந்தில் பழச்சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் திறக்க மறுக்கும்.

கூரைத் திரும்பக் கொண்டுவர என்ன ஆகிறது என்பதையும் சொன்னால்தான் கணக்குப் புரியும். முரட்டுக் கல், பிறகு நைசான கல், கடைசியில் தோல்வாரில் இழுப்பு. சரிவுப் பக்கத்தை ஒரே கோணத்தில் பிடித்துத் தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்க வைத்து, எழுந்து நிற்கிற பிசிரை மட்டும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கோணம் உருண்டுவிடும். மழைக்காலம்தான் எங்களுக்கு ஒட்டுக் கட்டுகிற பருவம். அந்த நாட்களில் கத்தியைச் சரிசெய்ய உட்கார்ந்தால் அந்தக் காலைப்பொழுது போயிற்று. வெட்டிவைத்த குச்சிகள் ஈரத்துணியில் காத்துக் கிடக்கும்.

சரி, கேட்கிறவரை என்ன செய்வது?

நான் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

“எதுக்கு தம்பி?”

இதை அதட்டலாகக் கேட்கக் கூடாது. எழுந்துகொண்டே, கூட வருகிற பாவனையில் கேட்க வேண்டும். பதிலில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கத்தி கேட்கிறவர்களில் நிறையப் பேருக்குத் தேவை கத்தியே இல்லை. சுவிட்ச் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியவருக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாக்குமூட்டையின் தையலை எந்தப் பக்கம் இழுத்தால் முழுசாகப் பிரியும் என்று தெரிந்தால் கத்தி வேண்டாம், கை போதும். முடிச்சுப் போட்ட கயிறு நல்ல கயிறாக இருந்தால் அறுப்பதே பாவம். உட்கார்ந்து அவிழ்த்துக் கொடுத்துவிடலாம்.

உண்மையிலேயே வெட்டுதான் தேவை என்றால், நானே போய் வெட்டிக் கொடுத்துவிடுவேன். “வாங்க, எங்க இருக்குன்னு காட்டுங்க” என்று சொல்லிவிட்டுக் கூடவே நடப்பது ‘இல்லை’ என்று சொல்வதைவிட நூறு மடங்கு மேல். கேட்டவருக்கு வேலை முடிகிறது. கத்தி என் கையைவிட்டுப் போவதில்லை. எந்த இடத்தில் மண் இருக்கிறது, எந்த இடத்தில் கம்பி இருக்கிறது என்று பார்த்து வெட்டலாம். வெட்டின கையோடு துடைத்து மடிக்கலாம். இதில் போகிற நேரம், கெட்டுப்போன கூரைத் திரும்ப எடுக்கிற நேரத்தில் கால்பங்குகூட ஆகாது.

எல்லா நேரமும் எழுந்து போக முடியாதே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இரவல் கத்தி.

வண்டியின் பெட்டியில், பண்ணைக் கொட்டகையின் ஆணியில், வீட்டில் கதவுக்குப் பின்னால் என்று மூன்று இடத்தில் ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற கட்டர் வைத்திருக்கிறேன். மழுங்கினால் நுனியை ஒடித்துவிட்டு அடுத்த துண்டைத் தள்ளிக்கொள்கிற ரகம். முழுசாகத் தொலைந்துபோனாலும் மனசு வலிக்காத விலை. கேட்டவுடன் எடுத்து நீட்டிவிடலாம். நீட்டும்போது தயங்காமல் நீட்டுவது முக்கியம் என்று நினைக்கிறேன். தயக்கத்தோடு கொடுக்கிற நல்ல கத்தியைவிட, சிரித்த முகத்தோடு கொடுக்கிற கட்டர் மேல். ஒடித்த பிளேடுத் துண்டுகளைக் கீழே போடாமல் ஒரு பழைய மருந்து டப்பாவில் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பண்ணையில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் அதிகம்.

என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு விக்டோரினாக்ஸ் வாங்கிவந்தான். சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை போட்ட ஸ்விஸ் கத்தி. ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1884-இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனி அது. நாம் இன்று பார்க்கிற இந்த வகைக் கத்தியின் மூலவடிவம் 1897-இல் பதிவானது. இதை நான் தாராளமாகவே இரவல் கொடுப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மடக்கிய கத்தியாகக் கொடுக்க மாட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, அந்த வேலைக்கான கருவியை நானே திறந்து, மற்றதெல்லாம் மூடியபடி கொடுப்பேன். அதில் சோடா மூடி திறக்கிற கருவியின் நுனியே பெரிய ஸ்க்ரூடிரைவர். டப்பா திறக்கிற கருவியின் நுனி சின்ன ஸ்க்ரூவுக்குப் பொருந்தும். கத்திரிக்கோல் இருக்கிற மாடல் என்றால் நூல், நாடா, பிளாஸ்டர் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். கருவியைத் திறந்து கையில் வைத்துவிட்டால் கத்தி அலகைத் தேடிப்போக யாருக்கும் தோன்றுவதில்லை. பல கருவிக் கத்தி வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி முனைகள் பிழைக்கும்.

விரல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கத்தி கெட்டால் கல் இருக்கிறது. விரல் கெட்டால் என்ன செய்வது? பெரும்பாலான மடக்குக்கத்திகளில் பூட்டு கிடையாது. முதுகில் இருக்கிற ஸ்பிரிங்தான் அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கிறது. கூர்ப்பக்கமாக அழுத்தி வெட்டும்வரை பயமில்லை. இளநீர்க் கண்ணைக் குத்துவது மாதிரி முனையால் குத்தினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ அலகு மடங்கி நேராகப் பிடித்திருக்கிற விரல்களின் மேல் விழும். வைத்திருக்கிறவருக்கு இது பழக்கத்தில் தெரியும். இரவல் வாங்குகிறவருக்கு வீட்டு அரிவாள்மனையும் காய்கறிக் கத்தியும்தான் பழக்கம். மடங்கும் என்ற நினைப்பே கையில் இருக்காது. பண்ணையில் தையல் போடுகிற அளவுக்கு இப்படி ஒரு காயத்தைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். மண்ணில் புழங்குகிற கை என்பதால் டி.டி. ஊசியும் போட்டார்கள். அதிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும், “இது மடங்கும், குத்தாதீங்க, இழுத்து அறுங்க” என்று வாய்விட்டுச் சொல்லாமல் கொடுப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் வந்து “அப்பா கத்தி வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்றால் கொடுத்தனுப்புவதும் இல்லை. அப்பாவையே வரச் சொல்வேன், இல்லையென்றால் நான் போவேன்.

நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டி சொல்லிவிட்டுத் தரையில் வைப்பாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை வருமோ வராதோ, கூரான சாமானுக்கு இதைவிடப் பத்திரமான வழக்கம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு கை கத்தியில் இருக்கவே இருக்காது. மடக்குக்கத்தி என்றால் அலகை மடித்துக் கொடுக்க வேண்டும். அலகை மடித்துத்தான் திருப்பி வாங்க வேண்டும். இதை எங்கள் பண்ணையில் எல்லோருக்கும் பழக்கிவிட்டோம்.

மாம்பழக் காலத்தில் வேறு ஒரு சங்கடம் வரும். தோப்பு பார்க்க வருகிறவர்கள், கன்று வாங்க வருகிறவர்கள், மரத்தடியில் ஒரு செந்தூராவையோ இமாம் பசந்தையோ கையில் எடுத்துக்கொண்டு, “அந்தக் கத்தியைக் குடுங்க, நறுக்கிடலாம்” என்பார்கள். ஒட்டுக்கத்தியால் தின்கிற பழத்தை நறுக்கவே கூடாது. அதில் மாம்பால் ஏறியிருக்கும். பட்டால் உதடு வெந்துபோகும். குச்சிகளைப் பூஞ்சாணக்கொல்லி மருந்தில் நனைத்தெடுத்துச் சீவியிருப்போம். கத்தியைக் கிருமிநாசினியில் முக்கியிருப்போம். “இது மருந்து பட்ட கத்திங்க, சாப்பிடற பண்டத்துக்கு ஆகாது” என்று சொன்னால் ஒருவர்கூட மனஸ்தாபப்பட்டதில்லை. நன்றிதான் சொல்வார்கள். அதனால் கொட்டகையில் பழம் நறுக்கத் தனியாக ஒரு சமையல் கத்தி கழுவி வைத்திருக்கும். வருகிறவர்களுக்குப் பழம் நறுக்கிக் கொடுப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் உண்டு, அதற்குக் குறை வைப்பதில்லை.

செடிக்கும் இதே விஷயம்தான், இன்னும் கடுமையாக. பக்கத்துத் தோட்டக்காரர் சாத்துக்குடியோ எலுமிச்சையோ கவாத்து செய்ய, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிட, கத்தி கேட்டால் நான் கொடுக்கவே மாட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுவேன். எலுமிச்சை இனத்தில் எக்ஸோகார்ட்டிஸ் என்று ஒரு நோய் உண்டு. அதை உண்டாக்குவது வைராய்டு, வைரஸைவிடச் சின்ன சமாச்சாரம். நோயுள்ள மரத்தை வெட்டின கத்தி, அடுத்து வெட்டுகிற மரத்துக்கு அதைக் கொண்டுபோய்விடும். ஸ்பிரிட்டில் துடைத்தால் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்கியெடுக்க வேண்டும். பிளீச் இரும்பை அரிக்கும் என்பதால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். கரும்பு வெட்டுகிற ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மறுதாம்புக் கரும்பை, அதாவது வெட்டின கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிற கரும்பை, குட்டையாக்குகிற நோயும் வெட்டுக்கத்தி வழியாகத்தான் வயல் விட்டு வயல் போகிறது. இரவல் போகிற கத்தி யாருடைய தோட்டத்து நோயை யாருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பண்ணையிலிருந்து கன்று வாங்கிப்போகிறவர் இருபது முப்பது வருஷம் அந்த மரத்தை நம்பியிருக்கப் போகிறவர். அவருக்குச் செய்கிற துரோகமாக அது ஆகிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பெரியவர்கள் கேட்டால்தான் உண்மையில் கஷ்டம். பெரியப்பா முறை உள்ளவர், பழைய பண்ணை முதலாளி, கோயில் தர்மகர்த்தா என்று வருவார்கள். இவர்களிடம் “எதுக்கு?” என்று கேட்பதே மரியாதைக் குறைவு மாதிரி இருக்கும். நான் கேட்பதில்லை.

“இருங்க பெரியப்பா, நீங்க எதுக்குக் குனியணும். சொல்லுங்க, நான் செஞ்சு தர்றேன்” என்றுவிடுவேன்.

அவருக்கு மரியாதையும் கிடைக்கிறது, கத்தியும் என்னிடமே இருக்கிறது. ஒரே ஒருமுறை ஒரு பெரியவர் விடாமல், “ஏன், நான் வெட்டினா கத்தி தேஞ்சு போயிடுமா?” என்று கேட்டார். “இது ஒட்டுக் கட்டற கத்திங்க ஐயா. இதுல கூர் போச்சுன்னா நாளைக்குக் கட்டற கன்னு அத்தனையும் காஞ்சு போயிடும்” என்றேன். ஒரு கணம் பார்த்தார். “அப்படின்னா வேணாம்பா, வச்சுக்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். “கத்தி இல்லை” என்று பொய் சொன்னால்தான், அடுத்த நாள் நம் கையில் பார்க்கும்போது உறவு கசக்கும்.

தொழில்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பதே இல்லை. பண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கட்டினாலும் அவரவர் கத்தி அவரவர்க்கு. பக்கத்தில் இருப்பவரின் கத்தி கீழே கிடந்தால் எடுத்து மடித்து அவர் பக்கத்தில் வைப்பார்களே தவிர, அதால் ஒரு இலையைக்கூட வெட்ட மாட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து எல்லாக் கத்தியையும் ஒரே தட்டில் வரிசையாக வைக்கும்போதும், எது யாருடையது என்று பிடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு பிடியும் ஒவ்வொரு கைக்குத் தேய்ந்திருக்கும்.

இத்தனை சொன்னாலும், எதுவும் கேட்காமல் கொடுக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. காட்டுப்பன்றிக்காக வேலியில் கட்டியிருந்த நைலான் வலையில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று கழுத்து மாட்டிக்கொண்டது. துள்ளத் துள்ள வலை இறுகிக்கொண்டே போயிற்று. குட்டியைப் பிடித்திருந்த அக்கா “கத்தி, கத்தி” என்று அலறினாள். நான் தூரத்தில் இருந்தேன். அன்றைக்குத்தான் தீட்டி வைத்த ஒட்டுக்கத்தியை, பக்கத்தில் நின்ற பையனிடம் மடித்துக் கொடுத்து ஓடச் சொன்னேன். அறுத்துவிட்டார்கள், குட்டி பிழைத்தது. கூர் போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிர் விஷயத்தில் கத்தி ஒரு சாமான்தான். அதைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும்.

இரவல் போன கத்தி திரும்பி வரும்போது கொண்டுவந்தவர் முன்னாலேயே திறந்து உற்று உற்றுப் பார்க்காதீர்கள். அது அவரை அவமானப்படுத்தும். வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பார்த்து, துடைத்து எண்ணெய் போடுங்கள். முனை ஒடிந்திருந்தால் அடுத்த முறை அவருக்குக் கட்டர் என்று மனசில் முடிவு செய்துகொண்டால் போதும். திரும்பி வராமலே போகிறதும் நடக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கொடுக்கும்போதே “முடிச்சதும் இந்த ஆணியில மாட்டிடுங்க” என்று இடத்தைச் சொல்லிவிடுவது. ‘அப்புறம் குடுத்துடுங்க’ என்று சொன்ன கத்திகள்தான் அதிகம் காணாமல் போகின்றன.

வெளியூர்ப் பயணத்தில் நான் ஒட்டுக்கத்தியை எடுத்துப்போவதே இல்லை, வேலைக்காகப் போனால் ஒழிய. விமானத்தில் கைப்பையில் கத்தி போக முடியாது; உள்ளே ஏற்றுகிற பெரிய பையில்தான் வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் நிறையப் பேருக்கு ஒரு பயம் உண்டு. நம் நாட்டின் ஆயுத விதிகள் ஆயுதம் என்று கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான். வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றை அதிலும் விலக்கி வைத்திருக்கிறது. நம் மடக்குக்கத்திகள் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் இரவல் கொடுத்த கத்தி யார் கையில் என்ன ஆகும் என்பது வேறு. குடித்திருக்கிறவருக்கும், வாய்த்தகராறு நடந்துகொண்டிருக்கிற இடத்திலும் கட்டரைக்கூடக் கொடுக்கக் கூடாது. திருவிழா இரவுகளில் இதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் என் கணக்கு வேறு. அவர்களுக்கு என் கத்தியை இரவல் கொடுத்துப் பழக்கினால் என் கை பிடித்த தேய்மானத்துக்கு அவர்கள் கை வளையும். அதனால் புதுக்கத்தி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவேன். வலது கையா இடது கையா என்று பார்த்துத்தான் வாங்குவேன். முதல் சில நாள் ஒட்டே கட்ட விடமாட்டேன். கல்லில் தீட்டுவது, பிசிர் எடுப்பது, கவாத்து செய்து போட்ட மாங்குச்சிகளை ஆப்பாகச் சீவுவது, இவ்வளவுதான். சீவின இரண்டு குச்சிகளைத் தட்டையாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது. கசியாத அளவுக்குக் கை வந்ததும் கன்றில் உட்கார வைப்பேன். புதுக்கத்தியோடு ஒரு கட்டரையும் சேர்த்தே கொடுத்துவிடுவது வழக்கம். சட்டைப்பையில் கத்தி தெரிகிற முதல் நாளே யாராவது வந்து கேட்டுவிடுவார்கள்.